சாம்பெங் சந்தில் சபுரா

1

என் தங்கை சபுரா பாங்காக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. போன சுருக்கில் அவள் ஏன் திரும்பி வந்தாள் என்று தாராவியில் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். ஆளுக்கொரு கதை. மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்கிறார் ஒருவர். விசா கிடைக்கவில்லை என்கிறார் இன்னொருவர். கூட இருந்து பார்த்தவள் நான். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மைமூன். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் தோல் பர்ஸ் பட்டறை வைத்திருந்த காதர் மைதீனின் மூத்த மகள். என் வீட்டுக்காரர் இங்கே சீலோம் பக்கத்தில் ஒரு கல் வியாபாரியிடம் வேலை பார்க்கிறார். மாணிக்கம், நீலம் என்று நாள் முழுக்கக் கற்களைத் தரம் பிரிக்கிற வேலை. மகள் ஷாஹினா கைக்குழந்தையாக இருக்கும்போது வந்தோம். இப்போது அவளுக்கு ஒன்பது வயது.

தாராவியில் கீழே பட்டறை, மேலே ஏணி வைத்து ஏறுகிற மாளாவில் வீடு என்று ஆறு பேர் நெருக்கிக்கொண்டு வளர்ந்தவள் நான். இங்கே நாலாவது மாடியில் மூன்று அறை. வீட்டுக்காரர் வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு அந்த மூன்று அறைக்கும் நான் ஒருத்திதான். கீழே இருக்கும் கடையில் அரிசி, முட்டை வாங்குகிற அளவுக்குத்தான் தாய் பாஷை தெரியும். ஷாஹினா அதைத் தண்ணீராய்ப் பேசுவாள். தூக்கத்தில் பிதற்றுவதும் தாயில்தான். தமிழில் பேசுவாள், ஆனால் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாய் முட்டிக்கொண்டு நிற்பாள். அவள் பள்ளிக்கூட வாசலில் நான் வாயைத் திறந்தால் போதும், என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். "உம்மா, நீ பேசாத. நான் சொல்லிக்கிறேன்."

இந்தத் தனிமையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாப்பா மௌத்தான பிறகு பட்டறையை நடத்தியது சபுரா. வயது இருபத்தேழு ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் கவலை. இங்கே என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஹனீபா என்று ஒரு கல் தரகர். மனைவி இறந்துபோய் இரண்டு பையன்களோடு இருக்கிறார், நல்ல மனிதர். அவருக்குச் சபுராவைக் கட்டிவைத்தால் என் தங்கை நாலு தெரு தள்ளி இருப்பாள், தினமும் போய்ப் பார்க்கலாம். பேச்சை ஆரம்பித்தது நான்தான். பட்டறையைப் பக்கத்துப் பட்டறைக்காரருக்கு விற்றுவிடுவது, உம்மா பாண்டுப்பில் இருக்கும் எங்கள் காக்கா, அதாவது அண்ணன், வீட்டுக்குப் போய்விடுவது என்று எல்லாமே போனிலேயே முடிவாயிற்று. சபுரா மட்டும் "மொதல்ல பாக்கேன், பெறகு சொல்லுதேன்" என்றாள். அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

2

வந்த முதல் வாரமே சபுராவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலில் நின்று கீழே பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"லாத்தா, இந்த ஊருல மனுசங்கள்லாம் எங்க இருக்காங்க? காருதான் போவுது, ஆளக் காணோம்."

ஹனீபா ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கல்யாணச் சேலைக்கு என்று உம்மா சபுராவிடம் பணம் கொடுத்துவிட்டிருந்தார். துணிமணி எல்லாம் சீனர் தெருவில் சல்லிசு என்று கேள்விப்பட்டதால், சனிக்கிழமை அங்கே போகலாம் என்று நான்தான் சொன்னேன். எட்டு வருஷத்தில் நானே இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் வீட்டுக்காரரோடு, டாக்சியில், நகைக்கடை வாசலில் இறங்கி அங்கேயே ஏறி வந்ததுதான். இந்தத் தடவை மொழிக்குத் துணையாக ஷாஹினாவைக் கூட்டிக்கொண்டேன்.

ஆற்றில் படகு, நம் ஊர் பஸ் மாதிரி. துறைக்குத் துறை நிற்கும், ஆனால் நிற்கிற நேரம் கண் மூடித் திறக்கிற நேரம்தான். பின்னால் நிற்கும் ஆள் விசில் அடித்தே ஓட்டுகிறவருக்கு வழி சொல்வார். கரையில் முட்டியதும் எல்லோரும் தாவுவார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சபுரா சேலையைத் தூக்கிச் செருகினாள். சயான் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்னால் இறங்குகிறவள் மாதிரி ஒரே எட்டில் கரையில் நின்றாள். திரும்பி எனக்குக் கையை நீட்டினாள்.

"வா லாத்தா. தண்ணி ஒண்ணும் கடிச்சிராது."

ராச்சாவோங் துறையில் இருந்து கொஞ்ச தூரம்தான். அதற்குள்ளேயே வேறு உலகம். சீனப் புத்தாண்டுக்கு இன்னும் சில நாள் இருந்தது. நகைக்கடைகள் எல்லாம் வாசல் முதல் கூரை வரை சிவப்பு. கடைப் பெயர்ப் பலகைகள் மேலிருந்து கீழாகத் தொங்குகின்றன, ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு. ஒருவர் பெரிய சட்டியில் கருமணலைப் போட்டுக் கொட்டைகளை வறுக்கிறார், அந்த வாசனை தெரு முழுக்க. அடுத்த கடையில் மருந்து வேர்கள், அதற்கு அடுத்ததில் மூங்கில் கூண்டில் பாடும் பறவைகள், அதற்கும் அடுத்ததில் வாத்துகள் வரிசையாகக் கொக்கியில். சிவப்புத் தாள், சிவப்பு விளக்கு, சிவப்புச் சட்டை போட்ட பிள்ளைகள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சபுரா சுற்றிச் சுற்றித் திரும்பினாள். "ஏக்தம் பெருநாள் மாதிரி இருக்குல்லா" என்றாள்.

அங்கிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்தோம். அதுதான் சாம்பெங். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கத்துக் கடையையும் தொடலாம். மேலே தார்ப்பாயும் தகரமும், இடையில் கீற்றாக வானம். பட்டன், பாசி, ரிப்பன், செருப்பு வார், பொம்மைக் கண், குடைக்கம்பி. ஒவ்வொரு கடையிலும் ஒரே ஒரு சாமான்தான், ஆனால் அது மலையாகக் கிடக்கிறது. அந்தச் சந்துக்குள்ளேயே தலைச்சுமைக்காரர்கள், மூட்டை ஏற்றிய மோட்டார் சைக்கிள், கைவண்டி எல்லாம் வருகின்றன, போகின்றன.

சபுரா அப்படியே நின்றுவிட்டாள். கண் விரிந்து, வாய் பிளந்து, பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு.

"லாத்தா! இது நம்ம தாராவில்லா!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு இடம் இருப்பது தெரியாமல்.

எங்களுக்குப் பின்னால் ஒரு கைவண்டி. மூட்டைகள் ஆள் உயரத்துக்கு. தள்ளுகிறவர் என்னவோ கத்திக்கொண்டே வருகிறார், ஆனால் வழிவிட ஒருவரும் இல்லை. சபுரா வாயில் கையைக் குவித்து, கிராஃபோர்ட் மார்க்கெட் குரலில் ஒரு போடு போட்டாள்.

"பாஜூ ஹட்! ஏய், பாஜூ ஹட்!"

முன்னால் போன கூட்டம் முழுவதும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. என்ன பாஷை என்று யாருக்கும் தெரியாது, அர்த்தம் மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வண்டிக்காரர் சபுராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, காலியான வழியில் ராஜா மாதிரி போனார். ஷாஹினா முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ உம்மா, சாச்சிய கத்த வேண்டாம்னு சொல்லு." ஆனால் விரலிடுக்கில் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, "பாஜூ ஹட்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

3

துணிக்கடைக்குப் போய்ச் சேரவே இல்லை. சந்தின் பாதியில் ஒரு கடை. பர்ஸ், கைப்பைக்கு வேண்டிய ஃபிட்டிங்ஸ் மட்டும் விற்கிற கடை. பக்கிள், செயின், வளையம், ஜிப் ரன்னர், எல்லாம் சின்னச் சின்னத் தட்டில். சபுரா காந்தத்தில் ஒட்டிய ஊசி மாதிரி உள்ளே போய்விட்டாள்.

கடையம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய முடி, கையில் பச்சைக் கல் வளையல், காதில் பென்சில். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவரை "ஜே, ஜே" என்று கூப்பிட்டார்கள். சீனத்தில் அக்கா என்று அர்த்தம் என்றாள் ஷாஹினா. "அப்ப லாத்தான்னு சொல்லு" என்ற சபுரா, அந்த நிமிஷத்தில் இருந்து அவரை "ஜே லாத்தா" ஆக்கிவிட்டாள்.

அவள் கையில் எடுத்தது ஒரு பித்தளை ஃப்ரேம். பர்ஸின் வாயில் பொருத்துவது. மேலே இரண்டு குண்டுமணி, ஒன்றை ஒன்று தாண்டி 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். நாங்கள் தாராவியில் போடுகிற ஃப்ரேம் அம்பர்நாத் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இருந்து வருவது. நாலைந்து மாதத்தில் பிடி தளர்ந்து வாயைப் பிளந்துவிடும். ரயிலில் பர்ஸ் திறந்து சாமானெல்லாம் கொட்டிப்போயிற்று என்று கடைக்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்து போடுவார்கள். வாப்பா காலத்தில் இருந்தே அந்தப் பாடு. நல்ல தோலும் நல்ல தையலும் போட்டுக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருந்தோம்.

சபுரா அந்த ஃப்ரேமைத் திறந்து மூடினாள். டக். இன்னொன்று. டக். காதோரம் வைத்து மறுபடியும். கடைவாசலில் நின்றுகொண்டு அவள் முப்பது நாற்பது தடவை திறந்து மூடியிருப்பாள். ஜே பார்த்துக்கொண்டே இருந்தார். வந்திருப்பது வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஷாஹினா அடுத்த கடையில் ஸ்டிக்கர் பார்க்கப் போய்விட்டாள். ஜே என்னவோ கேட்டார். நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்று நினைத்து, சபுரா பம்பாய்ப் பழக்கத்தில் தலையை ஆட்டி, ஆமாம் என்பதற்கு "ஹா" என்றாள்.

ஜே புருவத்தைத் தூக்கினார். "ஹா?"

"ஹா, ஹா!" என்றாள் சபுரா சந்தோஷமாக.

ஜே மேலே பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார். மாளாவில் இருந்து கயிற்றில் கட்டி ஒரு மூட்டை இறங்கியது. பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. நான்காவது மூட்டை வந்தபோது கடைக்குள் நிற்க இடம் இல்லாமல் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். "ஷாஹினா!" என்று கத்தினேன். ஓடி வந்தவள் ஜேயிடம் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உம்மா, தாய்ல 'ஹா'ன்னா அஞ்சு. எத்தன மூட்டை வேணும்னு கேட்டாங்க. சாச்சி அஞ்சுன்னு சொல்லிட்டாங்க!"

விஷயம் புரிந்ததும் ஜே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். எதிர்க்கடைக்காரருக்குச் சீனத்தில் சொன்னார். அவர் அடுத்த கடைக்குச் சொன்னார். "ஹா, ஹா" என்று சந்து நெடுக ஒரு சிரிப்பு ஓடியது. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. மூட்டைகளை மேலே ஏற்றச் சொல்லி ஜே கையைக் காட்டினார்.

"நில்லுங்க ஜே லாத்தா" என்றாள் சபுரா.

அவள் சிரிக்கவில்லை. மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாப்பா தோலை வெட்டுவதற்கு முன்னால் இப்படித்தான் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். பிறகு இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். கல்யாணச் சேலைக்கு உம்மா கொடுத்த பணம்.

"ஏளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றேன். "நாளைக்கு அவரு வாராரு. பட்டறையவே விக்கப் போறோம். இத வச்சு என்ன செய்யப் போற?"

"வித்தா, பட்டறைய வாங்குறவன்ட்ட இதயும் கொடுத்துட்டுப் போறேன்" என்றாள். பொய் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

ஐந்து மூட்டையையும் ஒரு பையனின் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தின் மறுமுனைக்கு வந்தோம். அங்கே ஒரு சின்னக் கால்வாயைத் தாண்டினால் சர்தார்ஜிகளின் துணி பஜார். ஒரு பெரியவர் சபுராவின் நடையைப் பார்த்தே "பம்பாயா பேட்டி?" என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரி இந்தியில் கேட்டார். இந்தி பேசி ஒரு வாரம் ஆன சபுராவுக்கு நாக்கு நிற்கவில்லை. அவரே வண்டி பிடித்து, ஓட்டுகிறவரிடம் பேசி, மூட்டைகளை ஏற்றிவிட்டார். சேலை வாங்குவோமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பணம் இல்லை.

4

மறுநாள் மதியம் ஹனீபா வந்தார். கையில் மங்குஸ்தான் பழம் ஒரு கூடை. கூடம் முழுக்க ஃப்ரேம் பரப்பிக் கிடந்தது. விடிந்ததில் இருந்து சபுராவும் ஷாஹினாவும் உட்கார்ந்து, பிடி இறுக்கமானது ஒரு பக்கம், கொஞ்சம் தளர்ந்தது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அள்ளி மறைப்பதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். சபுரா அடுப்படிக்கு ஓடினாள்.

என் வீட்டுக்காரர் அசடு வழிந்துகொண்டே நின்றார். "பிள்ளைங்க விளையாட்டு சாமான், காக்கா" என்றார்.

ஹனீபா காலடியில் கிடந்த ஒன்றை எடுத்தார். டக். அவருக்கும் அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. கல் பார்க்கிற மனிதர் அல்லவா, சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுத்துக் கண்ணில் பொருத்திப் பார்த்தார்.

"அட. பத்தவச்ச இடமே தெரியலையே."

"உள்பக்கம் பாருங்க" என்று அடுப்படியில் இருந்து சபுராவின் குரல் வந்தது. "மூலைல ஒரு ஆணி இருக்கா? எங்க ஊரு ஃப்ரேம்ல அது கெடையாது. அதனாலதான் தளருது."

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சபுரா முக்காட்டோடு வாசற்படியில் வந்து நின்றாள், பிறகு கூடத்து மூலையில் வந்து உட்கார்ந்தாள். அவர் கல்லைப் பற்றிச் சொன்னார், இவள் தோலைப் பற்றிச் சொன்னாள். சாம்பெங் சந்தில் 'ஹா' என்று சொன்ன கதையை ஷாஹினா நடித்தே காட்டினாள். ஹனீபா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். பிரியாணியைப் பரிமாறிக்கொண்டிருந்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு தெரு தள்ளி தங்கை வீடு. பெருநாளைக்கு ஒன்றாகச் சமைக்கலாம். மனசுக்குள் அங்கே திரைச்சீலைகூடப் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் சபுரா கேட்டாள்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீய. நீங்க பம்பாய்க்கு வந்து இருப்பியளா?"

என் வீட்டுக்காரர் கையில் இருந்த தண்ணீர்க் குவளை அப்படியே நின்றது. ஹனீபா சோற்றில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"முடியாதும்மா" என்றார். "பையங்க ரெண்டு பேருக்கும் இங்கதான் பள்ளிக்கூடம். அவங்க உம்மாவ அடக்குன இடமும் இங்கதான். வெள்ளிக்கிழமை தவறாம மூணு பேரும் போய்ட்டு வருவோம்."

சபுரா தலையாட்டினாள். "என் பட்டறைல நாலு காரீகர் வேல பாக்காங்க. நேத்துவரைக்கும் விட்டுட்டு வந்திரலாம்னுதான் பாத்தேன். இந்தச் சாமானப் பாத்த பெறகு முடியல."

ஹனீபா மெல்லச் சிரித்தார்.

"பேசி முடிக்க வேண்டியத மொத நாளே பேசிட்டோம். அல்ஹம்துலில்லாஹ். எத்தன பேருக்கு இது வாய்க்கும்?" என்றவர், என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் பிரியாணி வைம்மா" என்றார்.

போகும்போது ஒரு ஃப்ரேமைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

5

அவர் படி இறங்கியதும் நான் வெடித்துவிட்டேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. குடும்ப மானம், வயசு, உம்மாவின் கவலை என்று ஊரில் எல்லோரும் சொல்வதையெல்லாம் நானும் சொன்னேன். சபுரா ஃப்ரேம்களை அள்ளி மூட்டையில் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் என் வாயில் இருந்து உண்மை வந்துவிட்டது.

"உனக்கு அங்க எல்லாரும் இருக்காங்க. எனக்கு இங்க யாருளா இருக்கா?"

அவள் கை நின்றது. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அழுது முடிக்கும்வரை என் முதுகில் கை வைத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"லாத்தா, நேத்து அந்தச் சந்துல நீ எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியுமா? மூட்டையப் பிடிச்சுக்கிட்டு, 'ஏய், பாத்து இறக்கு'ன்னு தமிழ்லயே அந்தப் பையன வெரட்டுன. நான் வந்து ஒரு வாரமாச்சு, உன் குரல நேத்துதான் கேட்டேன். எனக்கு நீ சாமான் வாங்கி அனுப்பு. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

"எனக்குப் பாஷை தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சா அஞ்சு மூட்ட வாங்குனேன்?"

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அவளுக்கு விசா நீட்டிக்க முன்பே மனுக் கொடுத்திருந்தோம். வேண்டாம் என்று சொல்ல இமிகிரேஷன் ஆபீசுக்குப் போனால், வேண்டாம் என்பதற்கும் ஒரு மனு எழுதச் சொன்னார்கள். அதற்கும் போட்டோ கேட்டார்கள். அதிகாரி ஷாஹினாவிடம் காரணம் கேட்க, அவள் "சாச்சிக்கு ஊருல வேலை வந்துருச்சு" என்று தாயில் சொல்லிவிட்டாள். அவர் சபுராவைப் பார்த்து, நல்ல வேலையா என்று கேட்டார். சபுரா கேள்வி புரியாமலேயே "ஹா" என்றாள்.

பம்பாய் விமான நிலையத்தில் எல்லாச் சாமானையும் காட்டித் தீர்வை கட்டித்தான் வெளியே வந்தாளாம். சுங்க அதிகாரி ஒரு ஃப்ரேமைத் தூக்கிப் பிடித்து, "இத்தனை பர்ஸ் வாயை வச்சு என்னம்மா செய்யப் போற?" என்று இந்தியில் கேட்டாராம்.

"மூடத்தான் சாப்" என்றாளாம் இவள்.

6

இரண்டு மாதம் கழித்து போன் வந்தது. மாட்டுங்காவில் ஒரு போன் கடையில் இருந்து பேசினாள். பின்னால் பஸ் சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். ஃப்ரேம் எல்லாம் தீர்ந்துவிட்டது, ஒரு பர்ஸ்கூடத் திரும்பி வரவில்லை, உடனே இன்னும் வேண்டும் என்றாள். வீட்டுக்காரருக்கு வேலை, ஷாஹினாவுக்குப் பள்ளிக்கூடம். நான் தனியாகப் புறப்பட்டேன்.

படகில் இருந்து இறங்கியாயிற்று, ஆனால் வழி பிடிபடவில்லை. சாம்பெங் கிட்டத்தில்தானா என்று ஒரு பழக்கடைக்காரரிடம் கேட்டேன். "கிளாய்" என்றார். கிட்டே என்று எனக்குத் தெரிந்த சொல். சந்தோஷமாக அவர் காட்டிய பக்கம் நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகுதான் தெரிந்தது, தாய் பாஷையில் கிட்டே என்பதும் 'கிளாய்', தூரம் என்பதும் 'கிளாய்'. குரலை இறக்கினால் கிட்டே, சமமாக விட்டால் தூரம். நான் கேட்ட விதத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, அவர் எந்தக் 'கிளாய்' சொன்னாரோ.

எப்படியோ போய்ச் சேர்ந்தேன். ஜே என்னைப் பார்த்ததும் ஐந்து விரலையும் விரித்து "ஹா!" என்று கூவினார். சந்து திரும்பிப் பார்த்தது. நடந்த தூரத்தை நான் கையால் காட்டிச் சொன்னதும், என்னை உட்கார வைத்து இரண்டு 'கிளாய்'களையும் சொல்லிக்கொடுத்தார். என் தாடையைப் பிடித்து, குரல் இறங்குகிற இடத்தில் தாடையையும் கீழே இழுத்தார். பத்துத் தடவைக்குப் பிறகு சரியாக வந்தது. வீட்டில் ஷாஹினாவிடம் சொல்லிக் காட்டினேன். பேயைப் பார்த்த மாதிரி பார்த்தாள். "உம்மா, யாரு சொல்லிக்கொடுத்தா?"

அதில் இருந்து வாரம் ஒரு நாள் சாம்பெங். பக்கிளில் எது நல்லது, எது பூச்சு மட்டும் என்று இப்போது எனக்கே தெரிகிறது. பேரம் பேசுகிறேன். கைவண்டி வந்தால் தாயிலேயே கத்தி வழி விலக்குகிறேன். பள்ளிக்கூட வாசலில் என் முந்தானையை இப்போது யாரும் இழுப்பதில்லை. ஒரு நாள் ஷாஹினா தன் தோழியிடம், "எங்க உம்மா சாம்பெங்ல வியாபாரம் பண்றாங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு அவளுக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

சபுராவின் பட்டறையை வாங்க இருந்த பக்கத்துப் பட்டறைக்காரர், இப்போது தன் மாளாவை அவளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். உம்மா பாண்டுப்புக்குப் போகவில்லை. செம்பூரில் ஒரு மாப்பிள்ளை இடம் வந்திருக்கிறதாம். லெதர் கடையில் கணக்கு பார்க்கிற ஆள். பட்டறை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டாராம். "நானே போய்ப் பேசிட்டு வந்தேன் லாத்தா. பாப்போம்" என்றாள். இந்தத் தடவை அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஹனீபாவுக்கும் போன மாதம் நிக்காஹ் ஆயிற்று. நாங்கள் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன சனிக்கிழமை ஷாஹினாவும் என்னோடு கடைக்கு வந்திருந்தாள். சாமான் எல்லாம் கட்டி முடித்ததும் ஜே கடையை மகனிடம் விட்டுவிட்டு, வா என்று என் கையைப் பிடித்து இழுத்தார். எங்கே என்று சொல்லவில்லை. நாலைந்து சந்துகள் திரும்பினோம். ஒரு ஒடுக்கமான வாசல், நாலு மேசை, உள்ளே கொதிக்கிற பெரிய பானை. சுவரில் அரபி எழுத்தில் பிஸ்மில்லாஹ். அடுப்பருகே நின்றவர் வெள்ளைத் தொப்பி போட்ட சீனப் பெரியவர். எனக்கு வாயில் வந்தது ஸலாம்தான். "வ அலைக்கும் ஸலாம்" என்று கரண்டியோடு திரும்பினார். யுன்னானில் இருந்து வந்த சீன முஸ்லிம் குடும்பமாம்.

இத்தனை மாதமாக ஜே ஒவ்வொரு தடவையும் எதையாவது சாப்பிடச் சொல்வார், ஹலாலோ இல்லையோ என்று நான் பழம் மட்டும் எடுத்துக்கொள்வேன். ஏன் என்று அவர் கேட்டதே இல்லை. தானாகவே விசாரித்து, ஊரெல்லாம் தேடி, இந்த இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

கிண்ணம் வந்தது. ஆவி பறக்கிற சாறு, கையால் இழுத்த நூடுல்ஸ், மேலே மாட்டிறைச்சித் துண்டுகள். நானும் ஷாஹினாவும் குச்சியால் அள்ளத் தெரியாமல் அள்ளி, ஊதி ஊதிச் சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசி. ஜே எதிரில் உட்கார்ந்து வெறும் தேநீரைக் குடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏன் வாங்கவில்லை என்று ஷாஹினாவைக் கேட்கச் சொன்னேன்.

ஷாஹினா கேட்டாள். ஜே சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டுத் தேநீரை ஊதினார்.

"ஜே மாட்டுக்கறி தொடவே மாட்டாங்களாம் உம்மா" என்றாள் ஷாஹினா. "குவான் இம் சாமிக்கு நேந்திருக்காங்களாம். அந்த வாசனைகூட அவங்களுக்கு ஆகாதாம்."

நான் குச்சியைக் கீழே வைத்தேன். ஜே அதை எடுத்து மறுபடியும் என் கையில் வைத்து, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு" என்று தாயில் சொன்னார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஷாஹினா தேவைப்படவில்லை.